இடாப்பின் கடைசிப் பெயர்

வெள்ளவத்தை,
08.06.2025

அன்புள்ள நாகமணி சேருக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? கொட்டாஞ்சேனையில் உங்களோடு ஆறு வருஷம் படிப்பித்துவிட்டு, தொலைக்காட்சிக்கு எழுத ஓடினவளை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சிங்களம் சொல்லிக்கொடுக்கும் என் நாடகம் நேற்றுத் தொடங்கிவிட்டது. அதில் வரும் சிங்கள வாத்தியார் சாட்சாத் நீங்கள்தான்! பொக்கற்றில் வெண்கட்டி, கக்கத்தில் குடை. இடாப்பில் பிள்ளைகளின் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வகுப்பிலேயே இல்லாத "தனஞ்சயன்" என்று கூப்பிட்டுவிட்டு வாசலைப் பார்ப்பீர்களே, அந்த மறதியும் இருக்கிறது. அந்தப் பெயரைக்கூட மாற்றவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தன் குரலை மாற்றி "ஓம் சேர்" என்பான். அந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நீங்களும் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்பு மாறாத,
சுபோதினி

கொட்டாஞ்சேனை,
19.06.2025

அன்புத் தங்கச்சி சுபோ,

போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

அது மறதி இல்லை. தனஞ்சயன் என்னிடம் படித்தவன். 2008இல், நீர் இங்கே வரமுன், ரியூசனுக்குப் போனவனை யாரோ வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போனார்கள். அவனுடைய அம்மாவை உமக்குத் தெரியும். கன்ரீனில் உமக்கென்று வடை எடுத்துவைக்கும் அன்னபாக்கியம்தான். பொலிசுக்குப் போக ஒரேயொரு சிங்கள வசனம் என்னிடம் பாடமாக்கினா. "மகே புத்தா தாம கெதர ஆவே நே." என் மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பிறகு, "பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ சேர்" என்றா. வருஷா வருஷம் இடாப்பின் அடியில் பென்சிலால் எழுதிக் கூப்பிடுவேன். கன்ரீன்வரை கேட்கும்.

திங்கட்கிழமையும் கூப்பிட்டேன். உம்முடைய நாடகம் பார்த்த பிள்ளை ஒன்று "ஓம் சேர்" என்றது. அன்னபாக்கியம் மாக்கையோடு ஓடிவந்து வாசலில் நின்றா. வகுப்பே சிரித்தது. பாவங்கள், அதுகளுக்கு என்ன தெரியும்? உமக்கே நான் சொல்லவில்லையே.

அந்தக் காட்சியை எடுத்துவிடும், சுபோ. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்,
நாகமணி

வெள்ளவத்தை,
27.06.2025

சேர்,

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! தயாரிப்பாளரிடம் ஓடினேன். பத்து வாரத்துக்குப் படம் பிடித்தாயிற்றாம். பெயரையாவது மாற்றச் சொன்னேன். "அந்தப் பேரைத்தானே பிள்ளையள் சொல்லித் திரியுதுகள்" என்று சிரிக்கிறார். வேலையை விட்டுவிட்டேன். ஆனால் நாடகம் நிற்காது. வந்து அன்னபாக்கியம் அக்காவின் காலில் விழட்டுமா? ஒரு சொல் எழுதுங்கள்.

சுபோ

கொட்டாஞ்சேனை,
02.07.2025

சுபோதினிக்கு,

வரவேண்டாம். உம்மில் கோபமில்லை என்று எழுதினால் பொய்.

நேற்று அன்னபாக்கியம் வகுப்பு முடியும்வரை வெளியே நின்றா. "இனிக் கூப்பிடாதேங்கோ சேர். என்ரை பிள்ளையின்ரை பேருக்கு ஆக்கள் சிரிக்கிறதை என்னாலை கேக்கேலாது" என்றா. இடாப்பை விரித்தேன். எனக்குக் கை வரவில்லை. அழிறப்பரை வாங்கி அவவே அழித்தா.

இன்று காலை இடாப்புக் கூப்பிட்டேன். முப்பத்தொரு பேர். பதினேழு வருஷத்துக்குப் பிறகு, ஒருவர் குறையாமல் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

நாகமணி