பாட்டில் மேல் ஒட்டிய பெயர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இங்கே சுகம் என்று எழுத மூன்று தாளைக் கிழித்தாயிற்று, கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா நகராமல் பக்கத்திலேயே நிற்கிறாள். முழுக்கப் படி, அப்புறம் திட்டு.

கம்பெனியில் டிரைவர்களுக்கும் வீட்டுக்காரிகளுக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். சர்க்கரை இருந்தால் பஸ் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று கூட இருக்கிறவர்கள் கிளப்பிவிட்டார்கள். எனக்கோ கொஞ்ச நாளாகத் தாகமோ தாகம். பயந்துவிட்டேன் தாயி. உன் அம்மா ஒருநாளும் படுத்தவள் இல்லை, அவளுடையது சுத்தமாகத்தான் இருக்கும் என்று, இரண்டு சிறுநீர் பாட்டிலையும் லேபுக்கு எடுத்துப் போகும்போது மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஸ்டிக்கரை உரித்து மாற்றி ஒட்டினேன். பெயர் மாறினால் வைத்தியமே மாறிவிடும் என்று மருத்துவப் படிப்பின் முதல் வருடத்தில் நீ எனக்குப் பாடம் நடத்தினாயே, அது நினைவில் இருந்தும் செய்தேன். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே.

ரிப்போர்ட் வந்தது. உன் அம்மா பெயரில் சர்க்கரையும் இல்லை, ஒன்றுமில்லை, அதாவது எனக்கு ஒன்றுமில்லை. என் பெயரில் புரதம் மூன்று பிளஸ். சிறுநீரகம் கசிகிறது போலிருக்கிறது, உப்பைக் குறையுங்கள், வண்டி எடுக்க வேண்டாம், இரண்டு வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை ரத்தமும் எடுத்து மறுபடி பார்க்கலாம் என்றார் கம்பெனி டாக்டர். அது உன் அம்மாவுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கு உப்பில்லாத சாப்பாடு. எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று அவள் தன் தட்டில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள், நான் பார்த்துக்கொண்டே விழுங்குகிறேன். காலையில் அவள் இமை இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, தூக்கம் பத்தவில்லையா என்று கிண்டல் செய்த மடையன் நான். போன மாதம் மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள், கை குண்டாகிவிட்டது என்று அதற்கும் சிரித்தேன். நேற்று மதியம் அவள் அசந்து படுத்திருந்தபோது, லீவில் நீ எங்கள் காலில் நீர் கோத்திருக்கிறதா என்று செய்து காட்டியது போல முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்து இருபது வரை எண்ணியும் மேலே வரவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை எனக்கு எல்லாம் சரியாக வரும், சாவியும் கிடைக்கும், அவளுக்கு எதுவுமில்லை என்றே இருந்துவிடும். அந்த யோசனையும் எனக்கு வந்தது, உன்னிடம் மறைக்கவில்லை. இன்று காலை தாங்காமல் அவளிடமே சொல்லிவிட்டேன். அடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தாள் குட்டிம்மா, பத்து நாளில் இன்றுதான் சிரிக்கிறாள். பிறகு, ஆபீசில் மூச்சு விடாதீர்கள், வேலை போய்விடும், என் உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே பிடிவாதம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், சாவி போனால் போகட்டும். ஆனால் அவள் என் கூட வர மாட்டேன் என்கிறாள், நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள். நீ சொன்னால்தான் கேட்பாள். கடிதம் கிடைத்ததும் போன் போடு, மிரட்டு, அழு, எப்படியாவது அவளைக் கிளப்பு. இது குணமாகுமா என்றும் ஒரு வார்த்தை சொல், நல்லதோ கெட்டதோ.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா இரு தாயி. பாட்டிலில் ஒட்டுகிற பெயரை இரண்டு தரம் படித்துவிட்டு ஒட்டு, கொண்டுவருகிறவன் அப்பாவாகவே இருந்தாலும் நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் பெயரில் சுகமாக இருக்கும்
அப்பா