உன் அனுமதியில் நின்ற மிஷின்கள்

அன்பு மச்சான் நடேசா,

ஆலை மனமகிழ் மன்றத்தின் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுத வருகிறது. மற்றவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

வரிசை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் வருபவை:

1. கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது.
2. உன் பெயரால் இன்னும் மிஷின்கள் நிறுத்தப்படுகின்றன.
3. உன் பெயர் இருக்கும் இடத்துக்கு நான் ஏற்றவன் அல்ல.
4. உன் அக்கா கேட்ட கேள்வி.

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. நம் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. ஆலையிலேயே ஏ.சி. அதற்கு மட்டும்தான். மல்லாட்டைத் தூசி அதற்கு ஆகாது என்று சென்னையிலிருந்து வந்த பொறியாளர் சொன்னாரே, அதிலிருந்து எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். ஆயுத பூசையன்று ஃபிட்டர் ஏழுமலை அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். நீ இருந்திருந்தால் தேங்காயும் உடைக்கச் சொல்லியிருப்பாய்.

வெளியார் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கடலை எண்ணெய் ஆலை; எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஒவ்வொரு மிஷினும் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது எண்ணெய் விட்டோம், எதை மாற்றினோம் என்று அந்தப் பெட்டிக்குள் தட்டி வைக்கிறோம். எதை எப்போது நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும் என்று அது கணக்குப் போட்டு, திங்கட்கிழமை காலையில் சீட்டு அடித்துக் கொடுக்கிறது. அதில் 'நிறுத்த அனுமதிப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே பெயர் இல்லாவிட்டால் சீட்டு வராது.

முதல் நாள் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பொறியாளர், "யார் பேர் சார்?" என்று கேட்டார். பராமரிப்பைத் திட்டமிடுகிறவன் நான். நான் கூரையைப் பார்த்தேன். நீயோ உற்பத்திப் பொறுப்பாளன். "லாரிங்க கேட்டாண்ட வரிசையா நின்னுக்கினு இருக்குது, நீங்க இன்னாடான்னா மிஷின நிறுத்துன்றீங்களே மாமா!" என்று தினமும் என்னோடு மல்லுக்கட்டியவன். அன்றைக்கு நீதான் வாயைத் திறந்தாய்.

"எம் பேரைப் போடுங்க சார். எங்க மாமா பேரைப் போட்டீங்கன்னா, மானேஜர் தும்மனாலே லீவு போட்டுட்டு விழுப்புரம் பஸ் ஏறிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை மிஷின் நின்றபோதும் மானேஜர் அறைக்குள் போய்த் திட்டு வாங்கியது நீ. வெளியே வந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "காலி டப்பா மாதிரி சத்தம் மாமா, உள்ள ஒண்ணுமில்ல" என்பாய். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா?

புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து எல்லாம் முடிந்த பிறகு, நான் வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே சீட்டைத் தள்ளியது. 'நிறுத்த அனுமதிப்பவர்: நடேசன்.' உன் பெயரை எடுக்கத் தெரியாமல் இல்லை. கை போகவில்லை.

உன் இடத்துக்கு வந்திருப்பவர் யூசுப். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர். அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார், அண்ணன் பேரே இருக்கட்டும். அவரை மட்டுந்தான் மானேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு பேஜார் பண்ண முடியாது."

அப்படியே ஓடியது மச்சான். மல்லாட்டையை மேலே ஏற்றும் எலிவேட்டர் நின்றது, உடைப்பு மிஷின் நின்றது, எல்லாம் உன் அனுமதியில். ஏழுமலை சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சொல்லிட்டாரு, நிறுத்துங்கடா!" என்று கத்துவான். மறுபேச்சு இருக்காது.

போன வாரம் மானேஜர் கண்ணில் பட்டுவிட்டது. "என்ன சார் இது, செத்துப்போனவர் உத்தரவுல ஃபேக்டரி ஓடுதா? திங்கட்கிழமைக்குள்ள உயிரோட இருக்கிற ஆள் பேர் வேணும். யார் பேர் இருக்கோ அவர் எனக்குப் பதில் சொல்லணும். இல்லன்னா காலியா விட்டுடுங்க" என்றார்.

காலியாக விட்டால் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் நிறுத்த மாட்டார்கள். கிளியனூரிலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் புது மல்லாட்டை வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. நிற்காத மிஷினிலும் யாராவது எண்ணெய் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கை ஏழுமலையுடையது.

யூசுபை மறுபடி கேட்டேன். "வேலை போச்சுன்னா எனக்குத் திரும்ப துபாய்தான் சார். இப்பதான் கொழந்தை என்னை அடையாளம் தெரிஞ்சிக்கினு கிட்ட வருது" என்றார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

மூன்றாவது விஷயம். நான் ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டருக்காகத் திரும்பக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். யாராவது குரலை உயர்த்தினால் என் பக்க நியாயம் எனக்கே மறந்துவிடும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். படித்த படிப்பு கணக்குக்கு உதவியது, இதற்கு உதவவில்லை. ஆகையால் அந்தக் கட்டத்தில் என் பெயர் பொருந்தாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நான்காவது, உன் அக்கா. அவளிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ரேஷன் கார்டுல எடுத்துட்டீங்க. ஓட்டு லிஸ்ட்ல எடுத்துட்டாங்க. அங்கயும் எடுத்துட்டா எந்தம்பி பேரு வேற எங்கதாங்க இருக்கும்?" என்றாள்.

இதுவரை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். இன்று செவ்வாய்.

நேற்றுக் காலை செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். கட்டம் காலியானது. ஒரு பச்சைக் கோடு மட்டும் அங்கே விட்டுவிட்டுத் துடித்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் தள்ளி ஏழுமலை தலையை நீட்டினான். "சீட்டு வரலியா சார்? மூணாம் நம்பர் எக்ஸ்பெல்லர் இந்த வாரந்தானே?"

"வராது ஏழுமலை."

"அப்ப சரி. ஓடும்போதே உள்ள கைய உட்டு எண்ணெய் உட்டுக்கறேன். பழகனதுதான்." டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

என்ன நினைத்தேன் என்று கேட்காதே. ஒன்றும் நினைக்கவில்லை. ஒற்றை விரலால் என் பெயரைத் தட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டது. சீட்டைக் கிழித்துக்கொண்டு, அந்த எண்ணெய் பிழியும் மிஷின் இருக்கும் கொட்டகைக்கு ஓடினேன். ஆமாம், நான்தான் ஓடினேன். மல்லாட்டை ஓடு காலில் குத்தியபோதுதான் செருப்பு போடவில்லை என்று தெரிந்தது.

யூசுப் சீட்டை வாங்கிப் பார்த்தார். "சார், உங்க பேரா?"

"ஆமாம். நிறுத்துங்க."

"மானேஜர் கூப்பிட்டா?"

"கூப்பிடட்டும்."

அவர் பட்டனை அழுத்தினார். சத்தம் இறங்கி இறங்கி ஓய்ந்தது. ஏழுமலை மூடியைத் திறந்து பேரிங்கைத் துடைத்து, சுற்றி, காதைக் கிட்டே வைத்துப் பார்த்தான். பேரிங் நன்றாகத்தான் இருந்தது. ஒரு குறையும் இல்லை. நான் மானேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லா கீது சார்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்போது பார்த்தா இன்னா சார், குத்தமா?" என்று சிரித்தான்.

மானேஜர் கூப்பிட்டார். நல்ல பேரிங்கைப் பார்க்கவா லாரிகளை நிறுத்தி வைத்தேன் என்று கேட்டார். சாமர்த்தியமாக ஒன்றும் சொல்லவில்லை மச்சான். "சீட்டு வந்தது, நிறுத்தினேன்" என்றேன். மறுபடி கத்தினார். மறுபடி அதையே சொன்னேன். கால் நடுங்கியது, மேஜை மறைத்துக்கொண்டது. கடைசியில் "போங்க" என்றார்.

காலி டப்பா சத்தம் என்றாயே. பொய். காது இன்னும் சுடுகிறது. இதை வாங்கிக்கொண்டு வந்தா வெற்றிலை மடித்தாய்?

சீட்டில் இப்போது என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஏழுமலை அதை ஆணியில் குத்தும்போது, "நடேசண்ணன் சீட்டு இங்க கீது, யாரும் எடுக்காதீங்கடா" என்றான். அதை உன் அக்காவிடம் சொன்னேன். கேட்காமலே எனக்கு இன்னொரு தோசை போட்டாள்.

இனி சீட்டு வரும்போதெல்லாம் மிஷின் பக்கத்தில் போய் நிற்பேன். ஏழுமலை கையை வெளியே எடுக்கும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். கூப்பிட்டால் அந்த அறைக்குள்ளும் போவேன். நடுங்கிக்கொண்டுதான் போவேன், ஆனால் போவேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். நீ பார்த்துச் சிரிக்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் அக்காவைக் கட்டியவன், அந்தக் கட்டத்தில் உனக்கு அடுத்தவன்,
உன் மாமா
சிவலிங்கம்