மாப்பிள்ளை போன நால்வரும் கூடாரத்துப் பிள்ளைகளும்

786

கல்முனைக்குடி
11.08.2009

என் மகள் ஸம்ஸியாவுக்கு உன் உம்மாவின் ஸலாம். நீ கண் விழிக்கும் இடத்திலும் கண் மூடும் இடத்திலும் அல்லாஹ்வின் காவல் இருக்கட்டும். எனக்குச் சுகம். முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, மற்றப்படி குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், இரண்டு நாளுக்குள்ளேயே வராதவர்களெல்லாம் வந்ததாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் உன் தங்கை றஹீமாவும் அவளுடைய கைப்பிள்ளையும், மைதானத்துக்குப் பக்கத்தில் கட்டி முடியாமல் நிற்கிற வீட்டின் மேல்மாடியில், இன்னும் இருபது பெண்களோடு. கீழே வெண்பிறைக் கழகத்தின் தலைவர், அதாவது என் தம்பி, உன் காலிதீன் மாமா, புதுச் சாரம் கட்டி, வாசனை பூசி. பிள்ளைகளைப் பழக்குகிற கனகரெத்தினம் மாஸ்டர், குடை பிடித்தபடி அவர் மனைவி. ஒலிபெருக்கியில் அப்துல் கபூர். நிந்தவூரிலிருந்து உன் தம்பி றம்சீன். அவனுடைய மாமியார், ஓம், அந்த மனுசியும்தான், நம் மாடிக்கே ஏறி வந்து எனக்கு மூன்று பேர் தள்ளி இருந்தார். கோல் கம்பங்களுக்கு நடுவில் உன் மகன் இம்தாத். இவ்வளவு பேரும் சாட்சி. வென்றுவிட்டோம் மகள். நீ போனில் கேட்டது என் அழுகைச் சத்தம்தான், ஆனால் அது துக்கம் இல்லை, அதைச் சொல்லுமுன் போன் கார்ட் முடிந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். ஆண் பிள்ளையைப் பெற்றவள் அவனை வளர்ப்பது பெண் வீட்டாருக்குத்தானே. நிக்காஹ் முடிந்த கையோடு அவன் மனைவியின் வீட்டுக்குக் குடி போகிறான், அவன் போனால் அவன் காலும் கூடப் போகிறது. இதை நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் நிந்தவூர் முத்தொளிக் கழகத்தார். வெண்பிறையில் ஒருவன் நன்றாகப் பந்து அடிக்கிறான் என்று காதில் பட்டால் போதும், அடுத்த மாதமே பெண் பேசி வந்து வீட்டையும் வளவையும் தென்னையையும் காட்டுவார்கள். நல்ல காலைக் கண்டால் பெண் கொடுத்துவிடுகிற ஆட்கள். தொண்ணூற்றெட்டில் ஒருவன் போனான், இரண்டாயிரத்தொன்றில் ஒருவன், மூன்றில் இன்னொருவன், ஆறாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள் நம் றம்சீன். ஒருவன் பெயரையும் நான் மறக்கவில்லை, எழுதத்தான் மனமில்லை. நாம் பெற்று, நாம் பழக்கி, அவர்களுக்குக் கோல் அடிக்க அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கடல் ஊருக்குள் வந்த சுனாமியன்று உன் மாப்பிள்ளை நஸாரோடு கழகத்தின் ஐந்து ஆட்டக்காரரும் கடலோடு போனார்கள், அலுமாரியும் சப்பாத்துகளும் கோல் கம்பங்களும் கூடப் போய்விட்டன. நல்ல ஆட்டக்காரரில் மிஞ்சியிருந்த றம்சீனையும் பிறகு நிந்தவூர் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூட வளவில் நாம் கூடாரத்தில் கிடந்த அந்தப் பதினாலு மாதமும் உனக்கு நினைவு இருக்கும். கனகரெத்தினம் மாஸ்டர் தமிழ் ஆட்கள் இருக்கிற பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார், சில நாள் சோதனைச் சாவடியில் இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைத்துவிடுவார்கள், அப்படியும் வந்து, தாயை இழந்தது தகப்பனை இழந்தது என்று பாராமல் எல்லாப் பிள்ளையையும் சேர்த்துப் பந்து பழக்கினார். அதற்குப் பயிற்சிப் பள்ளி என்று கழகம் பெயர் வைத்தது பிறகுதான். அப்போது அது கூடாரங்களுக்கு நடுவில் இரண்டு பாய் அகலத்து இடம். பந்து மேலே எழும்பினால் யாருடைய சோற்றுப் பானையிலாவது விழும். நான் மூன்று பந்தைப் பறித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன், ஒன்றைக் கத்தியால் வெட்டினேன். அந்தப் பயத்தில் பிள்ளைகள் பந்தை நிலத்தோடு நிலமாகவே உருட்டிப் பழகினார்கள். இம்தாத் றஹீமாவின் கூடாரக் கயிற்றுக்கு முன்னால் நிற்பான், பந்து உள்ளே போனால் அவளிடம் ஏச்சு வாங்க வேண்டும், அதனால் போக விடமாட்டான்.

இந்த வருடம் சண்டை முடிந்து பாதை திறந்தபடியால் மட்டக்களப்பிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் கழகங்கள் வந்து பெரிய போட்டி நடந்தது. வெண்பிறையின் முதல் அணிக்கு ஆள் இல்லை, அதனால்தான் காலிதீன் கூடாரத்துப் பிள்ளைகளை இறக்கினான், நம்பி இறக்கவில்லை, அதை நன்றாக மனதில் வைத்துக்கொள். பிள்ளைகள் நான்கு போட்டி வென்றார்கள். திருக்கோவிலாரை இரண்டுக்குப் பூச்சியம். இறுதிப் போட்டி முத்தொளியோடு என்று ஆனதும் என் தம்பி நிந்தவூருக்கு ஆள் அனுப்பினான். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மைதானத்துக்குப் போய், பொடியனுகள் நாலு பேர் வெளியே இருங்க, மாப்பிள்ளை போன நாலு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர்கள் ஆடினால்தான் வெற்றி என்றானாம். வெளியே இருக்கச் சொன்ன நாலு பேரில் இம்தாதும் ஒருவன். அதோடு விட்டானா. “மகன், அந்தக் கிளவுசக் கழட்டித் தா, றம்சீன் மாமாக்கு அனுப்பணும், அவருட்ட நல்லது இல்ல” என்று எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டினானாம். நீ குவைத்திலிருந்து அனுப்பிய கையுறை, சிவப்புக் கோடு போட்டது. பிள்ளை கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான், கை கழுவினான், சோறு வேண்டாம் என்றான். “மூத்தம்மா, நான் கட்டாருக்குப் போறன், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கணும்” என்று என்னிடம் சொன்னான். பதினேழு வயது. வாப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவன், உம்மாவை வெளிநாட்டுக்குக் கொடுத்தவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்த ஊர் தனக்கு வேண்டாம் என்று சொன்னான்.

நான் மறுநாளே காலிதீனின் வாசலுக்குப் போனேன். மாப்பிள்ளை போனவன் மாமியின் ஊருக்குத்தான் அடிப்பான், உனக்கு யார்டா இந்தப் புத்தி சொன்னது என்று கேட்டேன். “ராத்தா, பந்து உருண்டையா சதுரமா எண்டு தெரியாம கதைக்காதங்க” என்றான். “பந்து தெரியாட்டியும் மாப்புளமாரத் தெரியும்” என்றேன். “அவங்க நம்மட ரத்தம்” என்றான். “ரத்தம் இங்க, சோறு அங்க” என்றேன். அவனே மாப்பிள்ளை போனவன்தான், எழுபத்துநாலில் நம் ஊர்ப் போட்டியன்று மனைவி வீட்டுக் கந்தூரிக்குச் சட்டி தூக்கப் போய் வராமல் விட்டவன், தலைவர் ஆனதும் அதெல்லாம் மறந்துவிட்டது. றம்சீன் வருவதாகச் சொன்னானா என்று கேட்டேன். சொல்லவில்லை, சிரித்தானாம், கையுறையை வாங்கிக்கொண்டானாம் என்றான். சிரித்தால் வருவான் என்று அர்த்தமா.

ஞாயிறு மூன்றரை மணிக்கு நிந்தவூர் பஸ் வந்து நின்றது. நாலு பேரும் இறங்கினார்கள். நாலு பேரும் முத்தொளியின் பச்சைச் சட்டை. றம்சீனின் கையில் உன் கையுறை. அப்துல் கபூர் ஒலிபெருக்கியில், “அன்பான ரசிகர்களே, மாப்பிள்ளைமார் வந்துவிட்டார்கள், பெண் வீட்டாரோடு” என்றதும் மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காலிதீன் புதுச் சாரத்தோடு மண்ணில் குந்திவிட்டான். இப்ப என்ன மாஸ்டர் செய்யிற என்று கேட்டானாம். விளையாடத்தான் தலைவர் என்று சொல்லி மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். அவர் எழுதிவைத்த பதினொரு பெயரும் கூடாரத்துப் பிள்ளைகள். வியாழக்கிழமையே நாலு பெயரை வெட்டச் சொல்லியிருந்தான் காலிதீன். மாஸ்டர் வெட்டவே இல்லை. இம்தாதின் பெயரை வாசித்தபோது அவன் வெளியே தென்னை மரத்தடியில் நின்றானாம், செருப்போடு. யாரோ சப்பாத்துக் கொடுத்தார்கள். கையுறை யாரும் கொடுக்கவில்லை.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். மாடியில் றம்சீனின் மாமியார் முந்தானைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன், பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டாம் பாதியில் நம் பிள்ளைகள் பழைய வேலையைத் தொடங்கினார்கள். பந்து நிலத்தை விட்டு எழும்பவே இல்லை. ஒருவன் காலிலிருந்து ஒருவன் காலுக்கு, அவர்கள் உயரமான ஆட்கள், தலையால் அடிக்கக் காத்து நின்றார்கள், தலைக்குப் பந்து வந்தால்தானே. பதினொரு கால் மாறிப் போனது என்று அப்துல் கபூர் எண்ணிச் சொன்னான், கடைசிக் கால் வலைக்குள் தள்ளியது. பானைக்குள் விழாமல் அடித்த அடி அது. நான் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன், றஹீமா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்டிக்குப் போனார்கள். இரண்டு கோல் கீப்பர்மாரும் ஒரே கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், தெரியும்தானே. அப்போதுதான் றம்சீன் மருமகனின் கையைப் பார்த்து ஏண்டா வெறுங்கை என்று கேட்டிருக்கிறான். “நீங்க போட்டிரிக்கிறது என்டதான் மாமா, உம்மா அனுப்பின” என்றானாம் உன் மகன். றம்சீனுக்குத் தெரியாது மகள், காலிதீன் கழகத்துச் சாமான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். உடனே கழற்றி நீட்டினானாம். இப்ப வேணா என்று சொல்லிவிட்டான் பிள்ளை. றம்சீன் இரண்டையும் வலைக்குப் பின்னால் எறிந்துவிட்டான். மேலே இருந்த எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, “இரண்டு பேரும் வெறுங்கை, ஏனென்று எனக்கும் தெரியாது” என்று அப்துல் கபூர் கத்துகிறான். நம் பிள்ளைகள் ஐந்தில் நாலு அடித்தார்கள். அவர்கள் நாலில் மூன்று. ஐந்தாவதை அடிக்க வந்தவன் றம்சீன், அவன் காலில் இருக்கிற பலம் உனக்குத் தெரியும், சின்னதில் நம் கிணற்றுக் கட்டையே உதைத்து உடைத்தவன். நான் பெற்றவன் அடிக்க, நீ பெற்றவன் தடுக்க. நான் யாருக்கு துஆ கேட்பது. கேட்டேன், உன்னுடையவனுக்குத்தான் கேட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அடித்த சத்தம் மாடிக்குக் கேட்டது. இம்தாத் இடது பக்கம் பாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்தான், பந்து வந்த வழியே மைதானத்துக்குத் திரும்பிப் போனது. பிறகு ஒன்றும் காணவில்லை, ஒரே சனம். றம்சீனின் மாமியார் மூன்று பேரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து, “பிடிச்சது உங்கட பேரன்தானே” என்றார். “ஓம், அடிச்சது உங்கட மருமகன்தானே” என்றேன். அந்த மனுசியே சிரித்துவிட்டார். பதினோராண்டாக அவர்கள் ஊர் நம்மிடம் எடுத்தது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகள் ஒரே நாளில் திருப்பி எடுத்துவிட்டார்கள்.

கிண்ணம் கொடுக்கும்போது காலிதீன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இளம் பிள்ளைகளை நம்பி முதல் அணியில் இறக்கியவன் நான் என்றான். அப்துல் கபூர் பக்கத்தில் நின்று, “தலைவர் நம்பினது மூன்றரை மணிக்குப் பிறகு” என்றான், அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது. மாலையில் றம்சீன் வீட்டுக்கு வந்து கையுறையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். உம்மா கோவமா என்றான். பச்சைச் சட்டை போட்டதற்கு இரண்டு வார்த்தை ஏசினேன். பெனால்டிக்கு ஏசவில்லை. மருமகன் என்று பாவம் பார்த்து நீ மெதுவாக அடித்திருந்தால் உன்னை இந்த வாசலில் ஏற்றியிருக்க மாட்டேன் என்று சொல்லி மீன் ஆணம் ஊற்றிச் சோறு வைத்தேன். மாமனும் மருமகனும் ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளையின் உள்ளங்கை வீங்கியிருந்தது, மஞ்சள் அரைத்துப் போட்டேன். கட்டார் கதை இப்போது அவன் வாயில் இல்லை. அடுத்த வருடமும் இதே பதினொரு பேர்தான் முதல் அணி என்று மாஸ்டர் கழகத்துக் கதவில் எழுதி ஒட்டிவிட்டார், நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போடப் போகும்போது தலையை மூடிக்கொள். நீ வேலை செய்கிற வீட்டு மடம் ஏசினால் வாய் காட்டாதே, மனதில் வைத்துக்கொள், மனதில் வைக்க நான் பழக்கியிருக்கிறேன்தானே. இம்தாதுக்கு டிசம்பரில் சோதனை, பந்துக்கு ஒரு மணித்தியாலம் புத்தகத்துக்கு இரண்டு என்று சொல்லியிருக்கிறேன், பாதியாவது கேட்கிறான். றஹீமாவின் பிள்ளைக்குப் பல் வந்துவிட்டது. காலிதீன் மாமா உனக்குப் போன் எடுத்து உன் மகனை நான்தான் ஆளாக்கினேன் என்று கட்டாயம் சொல்வான், ஸலாம் சொல்லிவிட்டுக் கையுறையைப் பற்றி மட்டும் கேள், மறந்துவிடாதே. நோன்பு உனக்கு லேசாக அமையட்டும், ஒப்பந்தம் முடிந்து நீ சுகமாக வந்து உன் பிள்ளை பந்து பிடிப்பதை உன் கண்ணால் பார்க்க அல்லாஹ் ஆயுளைத் தரட்டும், ஆமீன்.

உன் உம்மா
செய்னம்பு

கடிதத்தை ஒட்டுமுன் காலிதீன் வந்தான். நோன்பு வருகிறது, மாதம் பிறக்குமுன் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டும், ராத்தா பொறுத்துக்கொள்ளுங்க என்றான். நான் முத்தொளிக்காரரைப் பொறுத்தாயிற்று, றம்சீனை, அவன் மாமியாரை, மாப்பிள்ளை போன மற்ற மூன்று பேரையும் பொறுத்தாயிற்று. இவனையும் பொறுக்கத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளையிடம் கேட்டாயா என்றேன். “சின்னப் பொடியனிட்டப் போய் நான் மாப்புக் கேக்கவா” என்று சிரித்தான். இம்தாத் உள்ளே இருந்தான், அவனுக்கும் கேட்டது. அதனால் இந்த நோன்புக்கும் வரும் நோன்புக்கும் நான் பொறுக்காத ஆள் ஒருவன்தான், என் வாப்பாவின் மகன், ஆதம்பாவா காலிதீன்.