சேத்தூருக்கு இரண்டாம் முறை

8.1.1999

அழகுத்தாயின் சீட்டை இன்று ஏற்றி முடித்தேன். அதுதான் கடைசி. ராஜபாளையம் பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்களிடம் இரண்டு வருஷமாகக் கேட்டு எழுதிய சீட்டுகள் எல்லாம் இப்போது என் மின்னஞ்சல் பெட்டிக்குள். ஒரு பெண்ணுக்கு ஒரு கடிதம், எனக்கு நானே அனுப்பிக்கொண்டது. தலைப்பில் ஊர், பெயர், ஆலையில் பார்த்த பிரிவு. தலைப்பு வாரியாக அடுக்கச் சொன்னால் சேத்தூர்க்காரர்கள் ஒன்றாகவும் சோழபுரத்துக்காரர்கள் ஒன்றாகவும் வந்து நிற்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சென்டர் சுப்புராஜ் சொன்னார்: "இனி மதுரைக்குக் கைய வீசிட்டுப் போங்க சார். எங்க உக்காந்தாலும் உங்க பொட்டி தொறக்கும்."

நம்பாமல் இல்லை. இருந்தாலும் வெளியே வந்தவன் திரும்பப் போய், ஒருமுறை திறந்து காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வரும் வரை, எதையாவது தவறாக அழுத்தியிருப்பேனோ என்றே யோசனை.

13.1.1999

போகி. மனைவி காஞ்சனா அலமாரிக்கு அடியிலிருந்து சீட்டுக் கட்டுகள் இருந்த சாக்கை இழுத்துப் போட்டாள். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னீங்களே. இதுக்குள்ள கரப்பான் குடித்தனம் பண்ணுது."

அவள் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தீயில் போட்டேன். எடுத்து வைத்துக்கொண்டால் சுப்புராஜை நம்பாதவன் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. நன்றாக எரிந்தது.

2.2.1999

மதுரை. பல்கலைக்கழக நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என் ஆய்வு நெறியாளர் அம்மையார் பின்னால் நின்றார். என் மகள் வயது அவருக்கு. பெட்டி திறந்தது. தலைப்புகள் இங்கிலீஷில் ஒழுங்காக இருந்தன. அழகுத்தாயைத் திறந்தேன்.

ஒரு எழுத்து கூடத் தமிழ் இல்லை. தொப்பி போட்ட எழுத்து, வால் முளைத்த எழுத்து, நடுவில் கேள்விக்குறிகள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"வேற யாரோட பெட்டியையோ தொறந்துட்டீங்களோ சார்?" என்றார், மெதுவாக.

ஆய்வேட்டை மார்ச் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து. அறுபத்து நாலு வயதில் எனக்கு ஏன் இந்த ஆசை?

3.2.1999

சென்டருக்கு முதல் ஆளாகப் போனேன். சுப்புராஜ் விளக்கினார். கடிதத்துக்குள் இருப்பவை வெறும் எண்களாம். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது ஃபான்ட். அது இந்தக் கடை மெஷினில் மட்டும்தான் இருந்தது. சரி, இங்கேயே திறங்கள் என்றேன். போன வாரம் வைரஸ் வந்து மெஷினைச் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினார்களாம். ஃபான்ட் கொடுத்த சிவகாசி அச்சகத்து நண்பர் மஸ்கட்டில். அவர் தந்த ஃபிளாப்பியை மெஷின் படிக்க மறுக்கிறது. வேறு தமிழ் ஃபான்ட்டுகள் போட்டுப் பார்த்தோம். தமிழ் எழுத்துதான் வந்தது, ஒரு சொல்லும் சேரவில்லை.

"அவருக்கு மெயில் போட்டிருக்கேன் சார். இல்லாட்டியும் சீட்டெல்லாம் வச்சிருப்பீங்கள்ல?"

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

5.2.1999

காஞ்சனாவிடம் சொல்லவில்லை. தெருமுனையைத் தாண்டாமல் சுற்றி நடக்கிறேன்.

11.2.1999

நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். வேலை நேரம், சம்பளம், பிரிவு — இவை வருகின்றன. அவர்கள் சொன்ன விதம் வரவில்லை. அது இல்லாமல் இது என்ன ஆய்வு?

மறுபடி போய்க் கேட்பதுதான் வழி. ஆனால் எந்த வீட்டுக்கும் நான் தனியாகப் போனதில்லை. ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற பால்ச்சாமிதான் ஒவ்வொரு வாசலுக்கும் கூட்டிப் போனார். கேட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தார். அவர் துணை இல்லாமல் அந்தப் பெண்கள் வீட்டில் நான் எப்படிப் போய் நிற்பேன்? இப்போது அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆலைக் காலனி முழுக்கத் தெரிந்துவிடும். சரித்திர வாத்தியார் சரித்திரத்தைக் கொளுத்திவிட்டார் என்று.

அவரிடம் சொல்ல முடியாது. முடியவே முடியாது.

19.2.1999

சேத்தூர் போனேன். அழகுத்தாய் வீட்டைக் கடந்து கோயில் வரை நடந்து, திரும்பவும் கடந்து, பஸ் ஏறிவிட்டேன்.

20.2.1999

இன்று போனேன். அழகுத்தாய் முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பால்ச்சாமியைத் தேடி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி வரலியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, நின்றபடியே, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர், போகி, எல்லாம். தலை நிமிரவில்லை.

அழகுத்தாய் கையிலிருந்த புளியைத் தட்டி முடித்தார். அப்புறம் வீட்டுக்குள் பார்த்து மருமகளிடம்: "ஏட்டி, சாருக்கு மோர் கொண்டா. எழுதுனத எல்லாம் தீயில போட்டுட்டு வந்து நிக்காக."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. எப்படி என்று தெரியவில்லை.

உட்கார்ந்து பழையபடி ஆரம்பித்தேன். என்ன பிரிவு, எந்த வருஷம், ஷிப்ட் எப்படி. அழகுத்தாய் கையை நிறுத்தினார்.

"அன்னைக்குச் சொன்னதயேவா கேக்கப் போறீக?"

ஆமாம் என்றேன்.

"அது போனா போகுது சார். மேஸ்திரி பக்கத்துல உக்காந்திருக்கையில எம்புட்டுச் சொல்ல முடியும்? எம் மகளுக்கு வேல வாங்கித் தந்ததே அவியதான்."

பிறகு அவராகவே சொன்னார். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று, ஏழாம் மாதம் வரை சேலையை இறுக்கிக் கட்டி, நூல் நூற்கும் ரிங் பிரேமில் நின்றது. நைட் ஷிப்டில் இரண்டு பேர் காவல் நிற்க, மூன்றாமவள் கக்கூஸில் சாய்ந்து கண்ணயர்வது. காவல் நிற்கும்போது மேஸ்திரி வந்தால் இருமுவார்களாம். "ஆலைக்குள்ள இருந்த அம்புட்டு இருமலும் பஞ்சால வந்ததில்ல சார்."

விடாமல் எழுதினேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "இதையும் போகிக்குப் போட்டுறாதீக" என்றார்.

27.2.1999

சேத்தூரில் இன்னும் இரண்டு வீடுகள். அழகுத்தாயே சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கேயும் முதலில் என் பின்னால்தான் பார்த்தார்கள்.

8.3.1999

சுப்புராஜ் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார். மஸ்கட்டிலிருந்து ஃபான்ட் வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது எனக்குள் இருந்தது வந்துவிட்டதே என்ற சந்தோஷமா, சரியாக இருக்காதோ என்ற பயமா?

எல்லாம் திறந்தது. ஒரு எழுத்துக் குறையவில்லை. சுப்புராஜுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

அழகுத்தாய்: 'ஆலை பஸ் வாசலுக்கே வரும். பேறுகால லீவு உண்டு. குறை ஒன்றும் இல்லை.'

அவருக்கு அடுத்தவருக்கும் 'குறை ஒன்றும் இல்லை'. அதற்கடுத்தவருக்கும். என் சொந்த வாக்கியங்கள், நல்ல தமிழ். தட்டும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லையே. சரித்திரம் படித்தவன் நான்.

இதை அப்படியே ஆய்வேடாகக் கட்டிக் கொடுத்தால் மார்ச் கெடு தப்பாது, பட்டமும் வந்துவிடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

காஞ்சனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தச் சாக்க நான்தான இழுத்துப் போட்டேன்" என்றாள்.

15.3.1999

அம்மையாரிடம் ஒரு வருஷம் நீட்டிப்புக் கேட்டேன். கிடைப்பது கஷ்டம், பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்றார். காரணம் கேட்டார். எல்லாரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

2.4.1999

குழுவிடமிருந்து பதில் இல்லை. மார்ச் போய்விட்டது.

நாளை சோழபுரம். எப்படியோ கேள்விப்பட்டு பால்ச்சாமி ஆள் அனுப்பியிருந்தார், தானும் வருவதாக. அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். குடித்து முடித்த பிறகு, இந்த முறை நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.