சேர்ந்து உட்காராத சபை

எருசலேம்

அன்பு மகன் சபெதாய்க்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் உன் அக்கா ரெவெக்காவும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் உன் வீட்டுக்காரியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு வயிறு எரிகிறது.

ரெவெக்காவின் விவாகரத்து இந்த முறையும் ஆகவில்லை. அவள் புருஷன் நகூமே மனம் இறங்கி, தன் கையால் விவாகரத்துச் சீட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று வந்து நின்றான். அந்தப் பிடிவாதக்காரனே வந்துவிட்டான், ஆனால் நம் மதச் சபையின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் வரவில்லை. போன தடவை ஒருவருக்குக் காய்ச்சல், அதற்கு முந்தி இன்னொருவர் வீட்டுக் கல்யாணம், இப்போது பல்வலியாம். மூவரும் இல்லாமல் சீட்டு செல்லாது, ஒத்திவைக்கிறோம் என்று மூத்த நீதிபதியான பெரியவர் எழுந்துவிட்டார். ரெவெக்கா காதில் நான் ஏதோ கிரேக்கத்தில் முணுமுணுத்தேன், யானினாவில் பிறந்தவளுக்குக் கோபம் வந்தால் வேறெந்த மொழி வரும். உடனே அவர், “நம்ம முன்னோரோட பெரிய நீதிசபை, அந்த சன்ஹெத்ரின் வழியில வந்த சபைம்மா இது, இங்க அந்நிய பாஷை பேசக் கூடாது” என்று அதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஐயா, சன்ஹெத்ரின்ங்கிற பேரே எங்க பாஷைதான். சினேத்ரியோன். சேர்ந்து உக்காருறதுன்னு அர்த்தம். அதை எபிரேயம்னு நெனச்சுக்கிட்டு எங்களை அதட்டுறீங்க. பேரை எடுத்துக்கிட்டீங்க, உக்காரத்தான் மாட்டேங்கிறீங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சபை முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்த இளைய நீதிபதி தாடிக்குள் சிரித்தார். பெரியவர் முகம் சிவந்து, என்னை வெளியே கொண்டுபோய் விடச் சொன்னார். நானே போனேன். இனிமேல் நான் உள்ளே வரக்கூடாதாம், முடிந்தால் தடுத்துப் பார்க்கட்டும்.

பேருந்தில் ரெவெக்கா என்னைக் கோபிக்கவில்லை. இறங்கும் இடம் நெருங்கும்போது, “அம்மா, எனக்கு நாப்பது ஆகப் போகுது. அவங்க மூணு பேரும் உக்காருறதுக்குள்ள என் வயித்துல பிள்ளை தங்குற காலமே போயிடும்” என்றாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேனடா.

குளிரில் கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. நீயும் உன் மனைவியும் நிறைவாக வாழவேண்டும், அதுதான் என் ஜெபம். ஒன்றை மட்டும் மறக்காதே, அக்காவுக்கு எழுதும்போது வழக்கம்போல “ஏதாவது விசேஷம் உண்டா” என்று கேட்டுவிடாதே.

உன் அம்மா
ஸ்தமூலா