பூச்சிகளுக்கு விட்ட இடம்

பாய்,

இன்று காலை பாதையை மறித்து வளர்ந்திருந்த நொச்சியைக் கழித்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அதன் கசந்த வாசனை கையை விட்டுப் போகவில்லை. உங்களோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலகத்திலிருந்து நீங்களும் பள்ளியிலிருந்து நானும் ஓய்வுபெற்ற பிறகு நாமே தேடிக்கொண்ட வேலை இது. தெருக்கோடியில் குப்பை கொட்டிய இடத்தைச் சுத்தம் செய்து, தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகட்டும் என்று தும்பை, ஆவாரை, நொச்சி என நம் மண்ணின் செடிகளாக வைத்தோம். தெருவே கைகொடுத்தது. பெண்கள் மலையடியிலிருந்து ஆவாரை விதை கொண்டுவந்தார்கள். பலகை ஒன்று வேண்டும் என்றீர்கள். ‘இது நம் ஊர்ப் பூச்சிகளுக்கான இடம்’ என்று எழுதி மாட்டினோம்.

விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொல்கிற ஊர் இது. நம் வீடுகளிலும் அப்படித்தான். பலகை எழுதும்போது மட்டும் அது நம் இருவருக்குமே தோன்றவில்லை.

மறுநாளே எதிர்வீட்டு சரோஜா வந்து நின்றாள். “இன்னா பாய், பூச்சிக்கு எடம் உட்டுக்கிறீங்களாமே? அப்டியே ஒரு ரேஷன் கார்டும் வாங்கிக் குடுத்துடுங்க.”

“கார்டு எதுக்கும்மா? அதுங்க பூவுலயே சாப்ட்டுக்கும்” என்றீர்கள். தெருவே சிரித்தது. பலகையைக் கழற்றிவிட்டோம். பிஞ்சு பிடிக்காமல் பூவை உதிர்த்துக்கொண்டிருந்த சரோஜாவின் பீர்க்கங்கொடி, அந்த வருடம் பூச்சிகளின் தயவில் காய்த்தது. பிறகு அவளும் கேலியை விட்டுவிட்டாள்.

நீங்கள் கண்மூடிய பிறகு பெய்த மழையில், அந்தப் புதரிலிருந்து நிஜமாகவே ஒரு சாரை வெளியே வந்தது. தெரு கூடியது. “பொக்லைன் வுட்டு வாரிடலாம் சார். புள்ளைங்க வெளாட்ற எடம்” என்றாள் சரோஜா. அவள் பயத்தில் தவறில்லை. ஆனால், “யாருக்கும் எதுவும் ஆகாது, நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவை விட்டு நகர முடியவில்லை. பொழுது சாய்ந்தால் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். “சார், பூச்சி.” “எந்தப் பூச்சி?” என்று கேட்டுக்கொண்டே டார்ச்சும் கழியுமாகப் போகிறேன். பெரும்பாலும் ஓணான். ஒருநாள், ட்யூப்லைட்டைச் சுற்றிய மலைத்தேனீ.

கண்ணில் புரை முற்றிவிட்டது. சென்னைக்கு வந்து அறுவை செய்துகொள் என்று மகள் மன்றாடுகிறாள். “கண்ணே தெரியாம அங்க இன்னாத்த காவல் காக்குற நைனா?”

நேற்றுப் பையைக் கட்டிவிட்டு சரோஜாவிடம் சொன்னேன். “போய்ட்டு வாங்க சார், நல்லபடியா பாத்துக்கினு வாங்க” என்றாள். இரண்டடி நடந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. “நீங்க வர்றதுக்குள்ள இன்னொரு வாட்டி பூச்சி வந்துச்சின்னா, செடிய வார்றதுக்கு நாங்க யாரையும் கேக்க மாட்டோம்.”

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்துவிட்டேன்.

இரண்டு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிப்போகும்போது, வாசற்படியில் ஒருவர் கையை விட்டுவிட்டால் மற்றவர் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. என் பக்கத்துக் காலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறேன், பாய்.