தகரச்சாமி

புரட்டாசி, செவ்வாய் ராத்திரி. எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கினு வருது.

நிலாவில் மனுஷன் கால் வைத்தானே, அதற்கு அடுத்த வருஷம். டென்ட் கொட்டாய்க்கு ஒரு ராக்கெட் படம் வந்தது. விளம்பரத்துக்காக எங்கள் அண்ணனுக்கு வேற்றுக்கிரக ஆள் வேஷம் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் டின் தகரம். தலையில் சரிகை சுற்றிய அலுமினியக் குண்டான். அது ஆடி மாசம். தெருவில் பொம்பளைங்க உற்சவ சாமி என்று நினைத்து, காலில் மஞ்சத்தண்ணி ஊற்றிக் கற்பூரம் காட்டினார்கள். பேசக் கூடாது என்று கொட்டாய்க்காரர் சொல்லியிருந்ததால் அண்ணன் வாயே திறக்கவில்லை.

சாகிற வரைக்கும் அவன் பேர் தகரச்சாமி. பொண்ணு கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். கட்டிக்கினு வந்த அண்ணியும் ஊருக்குத் தகரச்சாமி பொண்டாட்டிதான்.

இன்று மாடி வீட்டு ஷாலினியிடம் இதைச் சொல்லிவிட்டேன். ஓவியக் கல்லூரியில் படிக்கிற பொண்ணு. ஓடாத பழைய ராக்கெட் படம், பறக்கும் தட்டு என்றால் அதுக்குச் சோறுகூட வேண்டாம்.

"செம தாத்தா! காலேஜ் கண்காட்சிக்கு இவரைத்தான் வரையப் போறேன். பேரும் தகரச்சாமிதான்."

"குண்டானுக்குள்ள அழுதுகினே வந்தாம்மா. நான் வண்டி பின்னாலேயே போனேன்."

அவள் சிரிப்பு நின்றுபோச்சு. "நீங்க வேணாம்னா விட்டுடறேன் தாத்தா."

வேணும் வேணாம்னு சொல்ல நான் யாரு? அந்தப் பேரைச் சுமந்தவங்களில் உயிரோடு இருக்கிறது ஒருத்தர்தான். தேவிகாபுரத்தில், அண்ணி பச்சையம்மா.